தனி வீடும் பொதுக் கதையும்

திருநங்கையர், திருநம்பியர், தம் பாலினரையே விரும்புவோர் ஆகிய பால்புதுமையர் தங்களுக்கென ஓர் இலக்கிய விழா நடத்துகிறார்கள் என்றோ, புத்தகக் காட்சியில் தங்களுக்கென ஒரு கடை பெற்றார்கள் என்றோ பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம், எவரையும் புண்படுத்த விரும்பாத நல்ல வாசகர்களே கூட, “இலக்கியம் எல்லோருக்கும் பொதுவாயிற்றே, இவர்கள் மட்டும் ஏன் தனிப் பந்தி போட்டுக்கொள்ள வேண்டும்?” என்று கேட்பதுண்டு. கேட்பவரிடம் விஷமம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனிப் பந்தி என்பது பிறர் ஒருவனுக்குப் போடுவது. அதன் அவமானம் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதன்று. இங்கே நடப்பதோ, பொது வீட்டில் இடம் கிடைக்காதவர்கள் தமக்கென ஒரு கூரை போட்டுக்கொள்ளும் காரியம். அந்தக் கூரையின் கீழிருந்துதான் பொது இலக்கியத்துக்கே நல்ல சரக்கு வந்திருக்கிறது என்பதும், அது இல்லாத காலத்தில் நம்முடைய கதைகள் எவ்வளவு அன்போடு எழுதப்பட்டிருந்தாலும் ஓர் எல்லையில் நின்றுவிட்டன என்பதும் என்னுடைய அபிப்பிராயம்.

பழைய நூல்களில் இவர்கள் இல்லாமல் இல்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆண்மை திரிந்தவர்களைப் பற்றிய சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றை உயர்திணையின் பாற்படுத்தினார். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் காமன் ஆடிய பேடு என்பதும் ஒன்று. மணிமேகலையில் புகார் நகரத்து ஜனங்கள் பேடிக் கோலத்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இலக்கணத்தில் உயர்திணை, வீதியில் வேடிக்கை என்ற இந்த இரட்டை நிலை நெடுங்காலம் மாறவில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் வளர்த்த பாலர் நாடக சபைகளில் பையன்களே ஸ்திரீபார்ட் ஆடினார்கள். ராஜபார்ட்டுக்கு ஈடாக அவர்களுக்கும் ரசிகர் கூட்டம் இருந்தது. திரை விழுந்தபின் அந்தப் பையன்களில் யாருக்கேனும் புடவையைக் களைய மனம் வராமல் போயிருக்குமானால், அதைக் கேட்டு எழுதிவைக்க அக்காலத்தில் ஆளில்லை.

நவீன சிறுகதையில் முதலில் நினைவுக்கு வருவது கி. ராஜநாராயணனின் ‘கோமதி’. சமையல் வேலை செய்து பிழைக்கும் ஓர் ஆண்பிள்ளை, பெயரும் பெண்பெயர், புருஷர்களின் நடுவே இருக்கும்போது வாடியும் பெண்களின் நடுவே இருக்கும்போது மலர்ந்தும் போகிற சுபாவம். கரிசல் காட்டில் இப்படிப்பட்டவர்களை ஊரார் எவ்வளவு பரிகாசம் செய்வார்கள் என்பதை நன்கறிந்த கி.ரா., பரிகாசத்தைக் காட்டுகிற சாக்கில் தாமும் அதில் சேர்ந்துகொள்ளாமல், அந்த மனிதனின் ஆசையை ஆசையாகவே எழுதியது சாமானியமான காரியமன்று. இன்னொன்று, கரிச்சான் குஞ்சு 1978இல் வெளியிட்ட ‘பசித்த மானிடம்’. அழகான பையனாக இருந்த காலத்தில் பெரிய மனிதர்களின் இச்சைக்கு ஆளாகி, அதன் சுகங்களையும் அவமானங்களையும் ஒருங்கே அனுபவித்துப் பின்னர்க் குஷ்டரோகியாக அலையும் கணேசனை, தஞ்சை ஜில்லாவின் வைதிகச் சூழலில் வளர்ந்த ஒரு சம்ஸ்கிருத பண்டிதர் எவ்விதக் கூச்சமும் இன்றி நாவலின் நடுவில் நிறுத்தினார் என்பதை எண்ணும்போது இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆண்மேல் ஆணுக்கு எழும் இச்சை அந்நாவலில் பெரும்பாலும் பணமுள்ளவன் இல்லாதவன்மேல் செலுத்தும் அதிகாரமாகவே வருகிறது என்பதும், ரோகத்தைப் பாவத்தின் சம்பளமாக வாசிக்க விரும்புகிறவனுக்கு அதில் வழி இருக்கிறது என்பதும் வேறு விஷயம். ஆசிரியர் அந்த வாசகனைவிடப் பெரியவர்.

இரண்டும் மேலான படைப்புகளே. ஆயினும் இரண்டிலும் ஒரு குறை உண்டு. அது ஆசிரியர்களின் குறையன்று, அவர்கள் காலத்து வாழ்க்கையின் குறை. கோமதிக்குப் பேச்சுத் துணையாக இன்னொரு கோமதி இல்லை. ஊர் முழுவதும் ஒருவகை மனிதர்களாக இருக்க, அவர்களிடையே வேறுவகை மனிதன் ஒருவனை மட்டும் நிறுத்திக் கதை சொல்லும்போது, எழுதுகிறவனின் நெஞ்சு எவ்வளவு ஈரமானதாயினும், கதைக்குள் தனியே நிற்பவன் ஒன்று வேடிக்கைப் பொருளாகிறான், அல்லது இரக்கத்துக்குரிய பொருளாகிறான். அவன் தன்னைப் போன்றவளோடு சண்டை போட முடியாது. கடன் வாங்கி ஏமாற்ற முடியாது. அவளுடைய புடவையைப் பார்த்துப் பொறாமைப்பட முடியாது. சாதாரண மனிதனாக இருப்பதற்கு நாலு பேர் வேண்டும்.

சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ இந்த எல்லையை ஓரளவு கடந்தது. 1990களின் முற்பகுதியில் எழுதப்பட்ட அந்நாவலின் சுயம்பு என்னும் என்ஜினீயரிங் மாணவன் குடும்பத்தை விட்டு வெளியேறித் தன் ஜனங்களிடம் போய்ச் சேருகிறான். அங்கே போனதும் கதையின் காற்றே மாறுகிறது. எழுதியவர் வெளியாள்தான். கோபமும் சீர்திருத்த ஆவேசமும் உள்ள எழுத்தாளர் ஆகையால், ஆங்காங்கே பாத்திரங்கள் பேசுவதற்குப் பதிலாக மேடையேறிவிடுகிறார்கள் என்ற குற்றமும் உண்டு. ஆனால் பேருந்தில் இவர்கள் ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் எத்தனையோ குடும்பத்தார், இவர்களுக்கும் தாய் மகள் என்ற உறவுமுறை இருக்கிறதென்பதை அந்நாவலின் வாயிலாகத்தான் முதன்முதலில் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு அவர்களே எழுதத் தொடங்கினார்கள். ஆ. ரேவதி ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலில் சக திருநங்கையரின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்தார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ சில ஆண்டுகளில் வந்தது. பிரியா பாபு ‘மூன்றாம் பாலின் முகம்’ என்ற நாவலை எழுதினார். ரேவதியின் சுயசரிதம் தமிழில் எழுதப்பட்டிருந்தும், வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் முந்தி வெளியாகி, மறு வருஷந்தான் ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் தமிழ் வாசகருக்குக் கிடைத்தது. நாமக்கல் பக்கத்துப் பெண்ணொருத்தியின் கதை இங்கிலீஷ் வேஷத்தில் முதலில் வெளியே போய்வர வேண்டியிருந்தது என்பதைத் தமிழ்ப் பதிப்புலகம் சற்று வெட்கத்தோடு எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நூல்களில் புதிதாக வருவது துயரமன்று. துயரம் முன்பே வேண்டிய அளவு எழுதப்பட்டிருந்தது. புதிதாக வருவது ஜமாத் என்கிற அவர்களுடைய கூட்டுக் குடும்பம். குரு இருக்கிறாள், குருவின் குருவான நானி இருக்கிறாள், சேலாக்கள் என்னும் சிஷ்யைகள் இருக்கிறார்கள். மூத்தவளைக் கண்டதும் ‘பாம்படுத்தி’ என்று வணக்கம் சொல்லத் தவறினால் வருகிற கோபம் இருக்கிறது. கடை கடையாகக் காசு கேட்கப் போகையில் எந்தத் தெரு யாருடையது என்ற தகராறும், தவறு செய்தவள் கட்ட வேண்டிய தண்டு என்னும் அபராதமும், நிர்வாணம் என்னும் அறுவையைச் செய்துகொண்டவளைப் பிள்ளை பெற்றவளைப் போலப் பேணி நாற்பதாம் நாள் செய்கிற சடங்கும் இருக்கின்றன. வெளியிலிருந்து அனுதாபத்தோடு எழுதுகிறவனுக்கு இவற்றுள் பாதி தெரியாது. தெரிந்த பாதியையும், அவர்களுடைய கௌரவத்துக்குப் பங்கமென்று எண்ணி மறைத்துவிடுவான். சொந்த வீட்டுக்காரிக்கு அந்தக் கூச்சம் கிடையாது. தன்னை அடித்த குருவைப் பற்றியும், அதே குரு காய்ச்சலில் தன் தலைமாட்டில் விழித்திருந்ததைப் பற்றியும் ஒரே மூச்சில் சொல்ல அவளால்தான் முடிகிறது. தனிச் சமூகம் என்று நாம் குறை கூறுகிற அந்த வீடு இல்லாதிருந்தால் அந்த எழுத்தும் இல்லை.

இது தமிழ்நாட்டுக்கு மாத்திரம் உரிய விசேஷமும் அன்று. ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர், இந்தியாவைப் பற்றி எழுதியதால் நம்மவர்க்கு அறிமுகமானவர், ஆண்கள் இருவரின் காதலைப் பொருளாகக் கொண்ட ‘மாரிஸ்’ என்னும் நாவலை 1913, 1914ஆம் ஆண்டுகளில் எழுதி, நண்பர்களுக்குக் கையெழுத்துப் பிரதியாகக் காட்டியதோடு சரி. அவர் 1970இல் காலமான பிறகு, 1971இல்தான் அது அச்சேறியது. அந்நாவல் தம் மனத்தில் கருக்கொண்ட இடம் எது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்: டெர்பிஷையரில் மில்தார்ப் என்ற சிற்றூரில், எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற அறிஞர் தம் துணைவரான ஜார்ஜ் மெரில் என்ற தொழிலாளியோடு ஒளிவுமறைவின்றி வாழ்ந்த வீடு. இரண்டு ஆண்கள் சேர்ந்து தோட்டம் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, விருந்தாளிகளை வரவேற்று, சச்சரவிட்டுக்கொண்டு நிம்மதியாக வாழ முடியும் என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே, சந்தோஷமான முடிவுள்ள அத்தகைய கதையை எழுத ஃபார்ஸ்டருக்குத் துணிவு வந்தது. சந்தோஷமான முடிவு இல்லாவிட்டால் அந்நாவலை எழுதியிருக்கவே மாட்டேன் என்கிற பொருள்படவும் அவர் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கார்ப்பென்டருக்குத் தமிழர் ஒருவர் ஆப்த நண்பராக இருந்தார் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். பின்னாளில் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜில் படித்தபோது உண்டான சிநேகம் அது. 1890இல் அவருடைய அழைப்பின்பேரில் இலங்கைக்கு வந்த கார்ப்பென்டர், குருணாகலில் இலக்கணம் இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டு, அந்த அனுபவத்தை 1892இல் நூலாகவும் எழுதினார். அருணாசலம் தமக்கு எழுதிய கடிதங்களைப் பிற்காலத்தில் தாமே வெளியிட்டார். சைவ சித்தாந்தத்தில் ஊறிய ஒரு தமிழ்ப் பெருமகனுக்கும், அக்காலத்து இங்கிலாந்து சிறையிலிடத் தயங்காத ஒரு வாழ்க்கையை வாழ்ந்தவருக்கும் இடையே ஆயுட்கால நட்பு நிலவியதை, ‘இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு அந்நியம்’ என்று உபந்யாசம் செய்கிறவர்களின் கவனத்துக்கு விட்டுவிடுகிறேன்.

சினிமாவைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ராம் இயக்கிய ‘பேரன்பு’ நம் கொடைக்கானல் மலையின் மூடுபனியிடையே படமாக்கப்பட்டது. அதில் மீராவாக வந்த அஞ்சலி அமீர் தாமே திருநங்கை என்பது பாராட்டத்தக்கது. ஆனால் கதை தகப்பனுடையது. அவனுடைய துக்கத்துக்கு விடையாகவே மீரா வந்து சேருகிறாள். 2019இல் வெளியான ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் விஜய் சேதுபதி ஷில்பாவாக நடித்துத் தேசிய விருது பெற்றார். வித்யாவின் நூலை ஒட்டிக் கன்னடத்தில் எடுத்த ‘நானு அவனல்ல, அவளு’ படத்துக்காக நடிகர் சஞ்சாரி விஜய்யும் தேசிய விருது பெற்றார். நடிப்பைக் குறை கூறவில்லை. குழந்தைகளைக் கடத்தத் தான் உடந்தையாக இருந்ததாக ஷில்பா சொல்லும் இடத்தைத் திருநங்கையர் பலர் ஆட்சேபித்தபோது, கலைஞனின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசப்பட்டதே ஒழிய, கதையை எழுதுகையில் அவர்களில் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்டவர் சொற்பம்.

திருநங்கையருக்காவது ஜமாத் என்ற பழைய ஸ்தாபனம் இருந்தது. சித்திரை மாதத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிற ஒரு திருவிழாவும் இருந்தது. ஆணை விரும்பும் ஆணுக்கும், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும், திருநம்பிக்கும் அதுகூட இல்லை. ஆகையினாலேயே சென்னையில் 1998இல் சகோதரன், பிறகு ஓரினம், மதுரையில் சிருஷ்டி என்று புதிய கூட்டங்கள் பிறந்தன. 2017இல் தொடங்கிய குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ் மறு வருஷமே இலக்கிய விழா கூட்டியது. கிரீஷ் என்ற இளைஞர், தாம் யார் என்பதை மறைக்காமல் தம் பெயரிலேயே எழுதிய ‘விடுபட்டவை’யும் 2018இல்தான் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், ஒருபாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. சட்டம் வந்து புத்தகத்தை எழுத வைத்தது என்று சரித்திரக்காரர்கள் நினைக்கக்கூடும். கூட்டம் முன்பே கூடியிருந்தது.

ஒருவரையொருவர் விரும்பிய, மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பெற்றோருக்கு அஞ்சிச் சென்னைக்கு ஓடிவந்தபோது அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர்கள் தொண்டு நிறுவனத்தாரும் சக மனிதர்களுமே. பாதுகாப்புக் கோரி அவர்கள் தொடுத்த வழக்கை 2021இல் விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலறிஞரிடம் உட்கார்ந்து கேட்டறிந்து, பிறகு தீர்ப்பெழுதினார். 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் ஒருபால் விவாகத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. ஆனால் 2025 மே மாதம், பெற்றோர் தடுத்துவைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்த சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைவதற்கு விவாகம் ஒன்றே வழியன்று, தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று கூறினார்கள். ஜமாத்தில் யாரோ ஒருத்தி இதைப் படித்திருந்தால், நாங்கள் பரம்பரையாகச் செய்துவருவதற்கு இப்போதுதான் முத்திரை குத்துகிறார்களா என்று சிரித்திருப்பாள்.

தனி வீடுகளில் எல்லாம் இன்பமயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜமாத்தின் தண்டும் தரவரிசையும் பலருக்கு மூச்சு முட்டச் செய்தவை என்பதை மேலே சொன்ன நூல்களே சாட்சி சொல்கின்றன. வித்யாவைப் போன்ற சிலர் அதைவிட்டு வெளியேறித் தனி வேலை, தனி வாழ்க்கை தேடிக்கொண்டார்கள். நகரத்துக் கூட்டங்களிலோ, ஆங்கிலம் சரளமாகப் பேசத் தெரியாதவன் கடைசி நாற்காலியில் உட்கார நேர்கிறது. சாதி என்பது கதவுக்கு வெளியே செருப்போடு கழற்றி வைக்கப்படுவதுமில்லை. தலித் திருநங்கையான கிரேஸ் பானு போன்றோர் இதைப் பலகாலமாக உரக்கச் சொல்லி வருகிறார்கள். இது வீட்டைச் செப்பனிட வேண்டும் என்பதற்கு வாதமாகுமேயன்றி, வீடே கூடாது என்பதற்கு வாதமாகாது. கூட்டுக் குடும்பத்தில் மாமியார் கொடுமை இருந்தது என்பதற்காக யாரும் குடும்பத்தையே ஒழிக்கச் சொன்னதில்லை.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருவோம். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், பாலாறு பொருந்தலாறு அணைக்கு அருகில் இருக்கிற பாலசமுத்திரத்தைப் போன்ற ஊரில், ஒவ்வொருவருக்கும் மற்றவருடைய பாட்டி பெயர் வரை தெரியும். கொய்யாத் தோப்பு யாருடையது, தைப்பூசத்துக்கு எந்த வீட்டுக் காவடி முதலில் புறப்படும் என்பவையெல்லாம் தெரிந்த ஊரில், தன்னைப் பற்றி ஒன்றே ஒன்று யாருக்கும் தெரியக்கூடாது என்று அஞ்சி வாழும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சென்னை விழாவால் என்ன பிரயோஜனம்? மதுரைக்கே மூன்று மணி நேரம் பேருந்தில் போக வேண்டும். வீட்டில் என்ன காரணம் சொல்லிப் புறப்படுவது? பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு தாய்தந்தையரை விட்டுப் போய்த் தனிக்குன்றில் நின்ற பிள்ளையை, முதலில் திரும்பி வா என்று கெஞ்சிவிட்டு, பிறகு அவன் நின்ற இடத்தையே படைவீடாக ஒப்புக்கொண்டு, நாடே பாதயாத்திரையாகத் தேடிப்போகிற தலம் நமக்கு நாலு மைல் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று கோபித்துக்கொண்டு புறப்பட்டால், அது நிற்பதற்கு ஒரு குன்றும் கிடையாது.

கூட்டத்துக்குப் போக முடியாதவனிடம் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடிய சாதனம் புத்தகம் ஒன்றே. தொலைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். அங்கே கிடைப்பவற்றுள் பல, மிரட்டிப் பணம் பறிக்கிறவர்களின் வலை என்பதைப் போலீசாரைக் கேட்டால் சொல்வார்கள். எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால், 1948இல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் ஒவ்வொருவரும் கட்டுகிறோம். பாலசமுத்திரத்துத் திண்ணை வீட்டுக்காரரும் கட்டுகிறார். அவருடைய வீட்டில் வாய் திறவாமல் வளர்கிற பிள்ளையின் பங்கும் அதில் அடக்கம். மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பிரமாண்டமானதுதான். ஆனால் அச்சப்படுகிற பிள்ளைக்குப் பிரமாண்டம் உதவாது, பக்கத்துத் தெருக் கிளை நூலகமே உதவும்.

ஆகையால் திண்டுக்கல் மாவட்டத்து நூலக ஆணைக்குழுவினருக்கு என் விண்ணப்பம் மிகச் சிறியது. ‘கோமதி’ இடம்பெற்ற கி.ரா.வின் கதைத் தொகுதி அநேகமாக உங்களிடம் இருக்கும், ‘வாடாமல்லி’யும் இருக்கலாம். அவற்றோடு ‘வெள்ளை மொழி’யையும், ‘நான் வித்யா’வையும், ‘மூன்றாம் பாலின் முக’த்தையும், ‘விடுபட்டவை’யையும் பழனி, கொடைக்கானல் வட்டாரங்களின் கிளைகளுக்கு ஒவ்வொரு பிரதி வாங்கி அனுப்புங்கள். வாங்கியபின், மருத்துவம் என்றோ பாலியல் என்றோ தலைப்பிட்டுப் பூட்டிய பீரோவில் வைக்காமல், நாவலை நாவல்களோடும் சுயசரிதத்தைச் சுயசரிதங்களோடும் அகர வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். எடுத்துப் போகிறவர் பெயரை ஏட்டில் எழுதும்போது நூலகர் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.